கண்ணுல நெல்லு அடிச்சா விடியிற வரைக்கும் காத்திருக்கலாமா?

தை அறுப்பு ஆரம்பிச்சாலே எனக்கு வர்ற கடிதத்துல பாதி கண்ணைப் பத்தித்தான் இருக்கும், இந்தத் தடவையும் அப்படித்தான். நான் டாக்டர் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல கண் மருத்துவ உதவியாளரா 28 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. கிராமத்துல ஒரு கண்ணு எப்படிப் போகுதுன்னு பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். பாதிக் கண்ணு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறதுக்கு முன்னாடியே, வீட்லயும் வழிலயும், 'காலைல பார்த்துக்கலாம்'ங்கிற ஒரு வார்த்தைலயே போயிடுது. அதனால இந்த இதழ் முழுக்க கண்ணு அவசரம் சம்பந்தமான கேள்விங்க மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: அக்கா, கதிரடிக்கும்போது என் வீட்டுக்காரருக்கு கண்ணுல நெல்லு அடிச்சிருச்சு. அப்பவே சாயங்காலம் ஆயிருச்சு, பஸ்ஸும் இல்ல. எங்க மாமியார் பக்கத்து வீட்ல பிள்ளை பெத்தவகிட்ட தாய்ப்பால் வாங்கிட்டு வந்து விட்டாங்க. மறுநாள் சிவப்பு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு, வேலைக்குப் போறேங்கிறாரு. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணுமா? (வாசகி, சிவகங்கை மாவட்டம்)

பதில்: போயே ஆகணும்மா. சிவப்பு குறைஞ்சாலும் போகணும்.

நெல்லு வேகமா வந்து அடிக்கும்போது கருவிழி மேல இருக்கிற மெல்லிசான படலம் கீறிடும். சுத்தமான கீறலா இருந்தா ரெண்டு மூணு நாள்ல தானாவே ஆறிடும், கருவிழிக்கு அந்த சக்தி உண்டு. ஆனா நெல்லு, கரும்புத் தோகை, சீமைக்கருவேல முள்ளு, பால் கறக்கும்போது மாடு வாலைச் சுழட்டி அடிக்கிறது, இதெல்லாம் வெறுமனே கீறிட்டுப் போறதில்ல, மண்ணுலயும் இலைலயும் இருக்கிற பூஞ்சையையும் சேர்த்து உள்ள விதைச்சிட்டுப் போகுது. அந்தப் பூஞ்சை முதல் நாலஞ்சு நாள் சத்தமே காட்டாது. முதல் நாள் உறுத்தும், ரெண்டாம் நாள் பரவால்லன்னு தோணும், மூணாம் நாள் உங்க வீட்டுக்காரர் மாதிரி எல்லாரும் வேலைக்குக் கிளம்பிடுவாங்க, ஒரு வாரம் கழிச்சு கண்ணாடில பார்த்தா கருவிழில வெள்ளையா ஒரு புள்ளி நிக்கும். அதுதான் கருவிழிப் புண்ணு. அது ஆறினாலும் தழும்பு விழும், அந்தத் தழும்பைத்தான் நம்ம ஊர்ல கண்ணுல பூ விழுந்திருச்சுன்னு சொல்றோம். கண்ணு நடுவுல இருக்கிற கருப்புப் பாப்பாவுக்கு நேரா பூ விழுந்துட்டா அப்புறம் கண்ணாடி போட்டும் பிரயோசனம் இல்ல, இறந்தவங்க தானம் குடுத்த கருவிழிய மாத்தி வைக்கிறது ஒண்ணுதான் வழி, பூஞ்சைப் புண்ணு வந்த கண்ணுல அதுவும் எல்லாருக்கும் நிலைக்கிறதில்ல.

நான் பயமுறுத்துறதுக்காகச் சொல்லல. 1994 ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும், இதே அறுப்பு சமயம், மூணே மாசத்துல மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு கருவிழிப் புண்ணோட 434 பேர் வந்தாங்க, அவங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. நூத்துக்கு 65 பேருக்கு அதுக்கு முன்னாடி கண்ணுல அடிபட்டிருந்துச்சு, அதுல நெறைய பேருக்கு நெல்லு, மரக்கிளை, இலை தழைதான். கிருமி என்னன்னு கண்டுபிடிக்க முடிஞ்சவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பூஞ்சை. 1996ல வந்த இன்னொரு கணக்குல மதுரை மாவட்டத்துல வருஷத்துக்கு பத்தாயிரம் பேர்ல 11 பேருக்கு இந்தப் புண்ணு வருதுன்னு சொன்னாங்க, அமெரிக்காவுல மினசோட்டா பக்கம் எடுத்த கணக்கை விட பத்து மடங்கு அது. அங்க காண்டாக்ட் லென்ஸ்னால வருது, நமக்கு வயக்காட்டுல வருது.

மாமியாரைக் கோவிச்சுக்காதீங்க. அவங்க காலத்துல கைக்கெட்டுற தூரத்துல வேற என்ன இருந்துச்சு, நல்லதுன்னு நம்பித்தான் செஞ்சாங்க. ஆனா கீறின கண்ணுல தாய்ப்பால் வேண்டாம், விளக்கெண்ணெய் வேண்டாம், நந்தியாவட்டைச் சாறு வேண்டாம், நாக்கால தூசி எடுக்கிற பாட்டிகிட்டயும் போக வேண்டாம், வாய்ல இருக்கிற கிருமி அத்தனையும் கண்ணுக்குள்ள போயிடும். இதை விட எனக்குப் பெரிய பயம் மெடிக்கல் ஷாப்ல 'கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது சொட்டு குடுங்க'ன்னு கேட்டு வாங்குறது. அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா போட்ட அன்னைக்கே சிவப்பு போயிடும், வலி குறையும், எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க, உள்ள இருக்கிற பூஞ்சைக்கு அது உரம் போட்ட மாதிரி. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன்னு பாட்டில்ல எழுதியிருந்தா டாக்டர் சொல்லாம ஒரு சொட்டு கூட விடாதீங்க. நாத்து நடப் போற ஒரு அம்மா, பேரு வேண்டாம், அப்படி ஒரு பாட்டில் காலி பண்ணிட்டு பதினாலாம் நாள் என்கிட்ட வந்தாங்க. நான் டார்ச் அடிச்சுப் பார்த்தப்போ கருவிழி முழுக்க வெள்ளை. 'வலி நல்லா விட்டிருந்துச்சு தாயி, அதான் வரல'ன்னாங்க. அந்த வார்த்தை இன்னைக்கும் எனக்குள்ள கெடந்து அறுக்குது.

அடிபட்ட உடனே செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான். கசக்கக் கூடாது. கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு சுத்தமான குடிதண்ணியால கண்ணை நல்லா கழுவணும். தூசியோ உமியோ தண்ணில வராம ஒட்டிக்கிட்டு நின்னா அதைத் தோண்டக் கூடாது. துணி வச்சு இறுக்கிக் கட்டக் கூடாது, கட்டினா உள்ள சூட்டுல கிருமி வளரும். அன்னைக்கே, முடியலன்னா மறுநாள் காலைல முதல் வேலையா கண்ணு பார்க்கிறவங்ககிட்ட காட்டணும். மஞ்சளா சாயம் தோய்ச்ச ஒரு சின்னக் காகிதத்தைக் கண்ணுல தொட்டு நீல லைட் அடிப்பாங்க, கீறல் இருந்தா பச்சையா மின்னும், அஞ்சு நிமிஷ வேலை.

கேள்வி: மூணு வயசுப் பேத்தி என் வெத்தலைப் பையில இருந்த சுண்ணாம்புப் பாக்கெட்டை எடுத்து அமுக்கி அது பீச்சி கண்ணுல அடிச்சிருச்சு. மருமகன் அப்படியே தூக்கிட்டு 22 கிலோமீட்டர் வண்டில போனாரு. அங்க போனா 'ஏன் கழுவாம கொண்டு வந்தீங்க'ன்னு திட்டுறாங்க. சீக்கிரம் போனது தப்பா? (ஒரு தாத்தா, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: ஐயா, சீக்கிரம் போனதுல தப்பே இல்ல, அந்தப் பதட்டத்துல யாரா இருந்தாலும் பிள்ளைய தூக்கிட்டு ஓடத்தான் செய்வாங்க, உங்க மருமகனை யாரும் குத்தம் சொல்ல வேண்டாம். ஆனா மத்த வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன், ஏன்னா கண்ணு அவசரத்துல ஓடுறதுக்கு முன்னாடி நின்னு வேலை செய்ய வேண்டியது இது ஒண்ணுதான்.

சுண்ணாம்பு காரம், மிளகாய்க் காரம் இல்ல, ஆசிட்டுக்கு எதிரான வகை. ஆசிட் பட்டா கண்ணு மேல்பக்கத்தை வேக வச்சு அங்கயே ஒரு தடுப்பு மாதிரி ஆகி ஓரளவுக்கு நின்னுடும். காரம் அப்படி நிக்காது, செல்லுல இருக்கிற கொழுப்பை சோப்பு மாதிரி கரைச்சுக்கிட்டு உள்ள உள்ள போய்க்கிட்டே இருக்கும். நிமிஷக் கணக்குதான். அந்த 22 கிலோமீட்டரும் அது வேலை செஞ்சுக்கிட்டுதான் இருந்திருக்கும். அதனால சுண்ணாம்பு பட்டுச்சா, நின்ன இடத்துலயே தண்ணி. குடத்துத் தண்ணி, குழாத் தண்ணி, பம்புசெட்டுத் தண்ணி, எது சுத்தமா கைக்குக் கிடைக்குதோ அது. மினரல் வாட்டர் பாட்டிலைத் தேடி கடைக்கு ஆள் அனுப்பாதீங்க. பிள்ளைய ஒரு ஆள் மடியில படுக்க வச்சு, அடிபட்ட கண்ணு கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி தலைய சாய்ச்சு, மூக்கு ஓரத்துல இருந்து காது பக்கமா தண்ணி ஓடணும், இல்லன்னா நல்ல கண்ணுக்கும் போயிடும். பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கும், கத்தும், பெத்தவங்களுக்கு மனசு தாங்காது, அப்பவும் இமையை விரலால விரிச்சுப் பிடிச்சு ஊத்தணும். எவ்வளவு நேரம்னு கேட்டா அரை மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்து அரை மணி, ஏன்னா பதட்டத்துல ரெண்டு நிமிஷமே அரை மணி மாதிரி தெரியும். சுண்ணாம்புத் துணுக்கு வெள்ளையா இமைக்கு அடில ஒட்டியிருந்தா நனைச்ச சுத்தமான துணி நுனியால மெதுவா எடுத்துடுங்க, அது உள்ள இருக்கிற வரைக்கும் காரம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். மேல் இமைக்குள்ள ஒளிஞ்சிருக்கிறதை ஆஸ்பத்திரில இமையைப் புரட்டி எடுப்பாங்க, அதனால நல்லா கழுவியாச்சுன்னு வீட்லயே இருந்திடக் கூடாது. வண்டில போகும்போதும் பாட்டில்ல தண்ணி வச்சுக்கிட்டு ஊத்திக்கிட்டே போகலாம்.

காரத்துக்கு எதிரா புளிப்பு விடலாம்னு எலுமிச்சம்பழம், மோர் எல்லாம் விட்டுட்டு வந்தவங்களைப் பார்த்திருக்கேன். வேண்டவே வேண்டாம். பாத்ரூம் கழுவுற ஆசிட், பேட்டரி ஆசிட், சிமெண்ட், வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து எல்லாத்துக்கும் இதே தண்ணிதான் முதல் மருந்து. பாக்கெட்டையோ டப்பாவையோ கையோட எடுத்துட்டுப் போங்க. அந்தச் சுண்ணாம்புப் பாக்கெட்டு ஐயா, அமுக்கினா பீச்சுற மாதிரியே இருக்கு, பார்க்கிறதுக்கும் மிட்டாய் மாதிரி, குழந்தைங்களுக்கு எப்படித் தெரியும். தகரச் சுண்ணாம்பு டப்பாவுக்கே மாறிடுங்க, அதையும் பரண் மேல வைங்க.

கேள்வி: விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டினேன், மத்தியானத்துக்கு மேல ஒரு கண்ணு மங்கலா புகை மூட்டமா தெரியுது, வலியே இல்ல. வலி இல்லாததால விட்டுடலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: விடக் கூடாது. எருக்கம்பால் பட்ட கைய கண்ணுல வச்சிருப்பீங்க. அந்தப் பாலுக்கு கண்ணை மரத்துப்போக வைக்கிற குணமும் இருக்கு, அதான் வலி தெரியல, ஆனா கருவிழியோட உள்பக்கம் வரைக்கும் போய் வீங்க வச்சிடும், அதான் புகை. நல்லா கழுவிட்டு கண் டாக்டரைப் பாருங்க, சீக்கிரம் போனவங்களுக்குப் பெரும்பாலும் சில நாள்லயோ ரெண்டு மூணு வாரத்துலயோ பார்வை தெளிஞ்சிடுது. பூ கட்டி முடிச்சதும் சோப்பு போட்டுக் கழுவாம மூஞ்சியைத் தொடாதீங்க.

கேள்வி: நான் டிராக்டர் மெக்கானிக். உளி வச்சு சுத்தியல்ல அடிக்கும்போது கண்ணுல 'சுருக்'னு ஏதோ பட்டுச்சு, அப்புறம் ஒண்ணும் இல்ல, பார்வையும் நல்லாத்தான் இருக்கு. கண்ணாடில பார்த்தா வெள்ளை முழில பொட்டு மாதிரி ஒரு சிவப்பு மட்டும். நாலு நாள் ஆச்சு, போகணும்னு தம்பி சொல்றான், எனக்கு வேலை கெடக்கு. (வாசகர், பெரம்பலூர் மாவட்டம்)

பதில்: தம்பி சொல்றதைக் கேளுங்க. இன்னைக்கே போங்க. இரும்பு மேல இரும்பு அடிக்கும்போது தெறிக்கிற துணுக்கு துப்பாக்கிக் குண்டு வேகத்துல வரும், அவ்வளவு சின்னதா இருக்கிறதால கண்ணைத் துளைச்சு உள்ள போயிட்டு வழிய மூடிக்கிட்டாலும் வலி இருக்காது, பார்வையும் அன்னைக்கு நல்லாவே இருக்கும். உள்ள கிருமி போயிருந்தா நாலஞ்சு நாள்லயே சீழ் கட்டிடும், கிருமி இல்லன்னாலும் இரும்பு கண்ணுக்குள்ளயே துருப்பிடிச்சு மாசக்கணக்குல பார்வையைத் தின்னுடும். டாக்டர்கிட்ட 'கண்ணு சிவந்திருக்கு'ன்னு சொல்லாதீங்க, 'சுத்தியல் அடிக்கும்போது பட்டுச்சு'ன்னு சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தைக்கு எக்ஸ்ரே இல்ல சிடி எடுத்துப் பார்ப்பாங்க. எம்ஆர்ஐ மட்டும் எடுக்கக் கூடாது, அதுல இருக்கிற காந்தம் துணுக்கை உள்ள நகர்த்திடும், இரும்புன்னு முன்கூட்டியே சொல்லிடணும்.

இதே மாதிரி குத்தின கேஸு, முள்ளு குத்தினது, அம்பு விளையாட்டு, கில்லி பட்டது, பட்டாசு வெடிச்சது, கண்ணுல இருந்து தண்ணியோ ரத்தமோ பிசுபிசுன்னு வந்தா அங்க நான் மேல சொன்ன தண்ணி ஊத்துற வேலையே கூடாது. கழுவாதீங்க, சொட்டு விடாதீங்க, அமுக்காதீங்க, குத்தி நிக்கிறதைப் பிடுங்காதீங்க. டீ குடிக்கிற காகிதக் கப்பை பாதியா வெட்டி அடிப்பாகத்தைக் கண்ணு குழிமேல கவுத்து, நெத்தி எலும்புலயும் கன்ன எலும்புலயும் படுற மாதிரி பிளாஸ்திரி ஒட்டிடுங்க, கப்பு கண்ணைத் தொடக் கூடாது. வழில டீ, பன்னு எதுவும் வாங்கிக் குடுக்காதீங்க. நம்ம ஊர்ல அடிபட்டவனுக்கு முதல்ல சோடா உடைச்சுக் குடுக்கிறதுதான் அன்பு, ஆனா வயிறு நிறைஞ்சிருந்தா மயக்க மருந்து குடுக்க ஆறு மணி நேரம் காக்க வேண்டி வரும். டெட்டனஸ் ஊசி எப்போ போட்டதுன்னு கேப்பாங்க, ஞாபகம் இல்லன்னா போட்டுக்கணும்.

வெல்டிங் பண்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடி இல்லாம வெல்டிங் வெளிச்சம் பார்த்துட்டு ராத்திரி மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரியும், அது ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாகும். அதுக்காக ஆஸ்பத்திரில மரத்துப்போறதுக்கு விடுற சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கி பையில வச்சுக்கிட்டு அடிக்கடி விடுறவங்க இருக்காங்க, கருவிழி ஆறவே ஆறாமப் போயிடும், தயவு செஞ்சு வேண்டாம்.

கேள்வி: எங்க மலை ஊர்ல இருந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல பஸ் கிடையாது. அடுத்தவாட்டி கண்ணுல அடிபட்டா எங்க போறது, யாரைக் கூப்பிடுறது? போன தடவை மூணு இடத்துக்கு அலைஞ்சோம், எங்க போனாலும் 'கண் டாக்டர் இல்ல, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க'ன்னுட்டாங்க. (வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: இந்த அலைச்சல்தான் கண்ணைக் கொல்லுது. ராத்திரி எல்லா ஆஸ்பத்திரிலயும் கண் டாக்டர் இருக்க மாட்டாங்க, இது நெசம், அதை மறைச்சுப் பேசி புண்ணியம் இல்ல. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ பெரிய கண் ஆஸ்பத்திரியோதான் ராத்திரிக்கு நம்பிக்கை. அதனால அடிபட்டதுக்கு அப்புறம் யோசிக்காம இன்னைக்கே, எல்லாரும் நல்லா இருக்கும்போதே, உங்க ஊருக்குக் கிட்ட 24 மணி நேரமும் கண்ணு பார்க்கிற இடம் எதுன்னு போன் பண்ணிக் கேட்டு அந்த நம்பரை கதவுக்குப் பின்னாடி எழுதி ஒட்டுங்க. ஊர்ல ஒருத்தர் கேட்டா போதும், எல்லா வீட்டுக்கும் ஆச்சு.

108 மாரடைப்புக்கும் பிரசவத்துக்கும் மட்டும்னு நினைச்சுக்கிட்டு கண்ணுக்குக் கூப்பிடவே தயங்குறாங்க. தமிழ்நாட்டுல 2008ல இருந்து ஓடுது, காசு கிடையாது, கண்ணுல குத்தினதுக்கும் சுண்ணாம்பு பட்டதுக்கும் தாராளமா கூப்பிடலாம். கூப்பிடும்போது 'கண் வலி'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க! நம்ம பாஷைல கண் வலின்னா மெட்ராஸ் ஐ, ஊரெல்லாம் வர்றது, வந்து தானாப் போறது, கேக்குறவங்களுக்கும் அதுதான் மனசுல வரும், ஓபி சீட்டு வாங்குற இடத்துலயும் அப்படித்தான், வரிசைல உக்காருங்கம்பாங்க. 'ஏழு மணிக்கு முள்ளு குத்துச்சு, ஒரு மணி நேரமா பார்வை தெரியல'ன்னு சொல்லுங்க. என்ன பட்டுச்சு, எப்போ பட்டுச்சு, பார்வை இருக்கா, இந்த மூணும் முதல் வாக்கியத்துலயே வந்துடணும். மெட்ராஸ் ஐல ரெண்டு கண்ணும் ஒட்டும், பீளை தள்ளும், ஆனா பார்வை அவ்வளவா குறையாது. ஒத்தக் கண்ணு, குத்துற வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்க முடியலன்னா அது வேற.

வழில இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தை 'அங்க கண் டாக்டர் இல்ல'ன்னு தாண்டிப் போகாதீங்க, சுண்ணாம்பு கேஸுன்னா அங்க சலைன் பாட்டில் இருக்கு, கழுவி விடுவாங்க, டெட்டனஸ் ஊசி போடுவாங்க, போன் பண்ணி முன்னாடியே சொல்லிவிடுவாங்க. பகல்லன்னா விஷன் சென்டர் இருக்கான்னு பாருங்க, அரவிந்த்ல 2004 வாக்குல ஆரம்பிச்சது, இப்போ நூறுக்கு மேல இருக்கு, சின்ன ஊர்ல ரெண்டு ரூம்ல மெஷின் வச்சு பயிற்சி எடுத்த பொண்ணுங்க கண்ணைப் பார்ப்பாங்க, டாக்டர் வீடியோல பேசுவாரு, நெல்லு பட்ட கண்ணுக்கு அது போதும், மேல போகணும்னா அவங்களே சொல்லிடுவாங்க.

பணத்தைப் பத்திக் கவலைப்பட்டு நிக்காதீங்க. ரோட்டு விபத்துல பட்டதுன்னா 2021 டிசம்பர்ல இருந்து நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு, பட்டியல்ல உள்ள தனியார் ஆஸ்பத்திரிலயும் முதல் 48 மணி நேரம் இலவசம். அடிதடில பட்டது, போலீஸ் கேஸு, முதல்ல ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாங்கன்னு யாராவது சொன்னா, உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்துன்னு வந்தவங்களுக்கு முதல்ல வைத்தியம், அப்புறம்தான் காகிதமெல்லாம்னு சுப்ரீம் கோர்ட் 1989லயே பரமானந்த் கட்டாரா வழக்குல சொல்லியாச்சு, அரசு டாக்டருக்கும் சரி தனியார் டாக்டருக்கும் சரி. இதை சண்டை போடாம, நிதானமா, ஆனா அழுத்தமா சொல்லுங்க.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயசு. ராத்திரி ஒரு பக்கத் தலைவலி, மூணு தடவை வாந்தி. பித்தம்னு இஞ்சிச் சாறு குடுத்தோம். காலைல பார்த்தா அந்தப் பக்கக் கண்ணு சிவந்து, பல்பைச் சுத்தி வானவில் மாதிரி வட்டம் தெரியுதுங்கிறாங்க. தலைவலிக்கு எங்க காட்டுறது? (வாசகர், தருமபுரி மாவட்டம்)

பதில்: தலைக்கு இல்லப்பா, கண்ணுக்குக் காட்டணும், இப்பவே. இது திடீர்னு கண்ணுல அழுத்தம் ஏறுற ஒரு வகை குளுக்கோமா மாதிரி இருக்கு. கண்ணுக்குள்ள ஓடுற தண்ணிக்கு வடிகால் அடைச்சுக்கும், சாதாரணமா 10ல இருந்து 21 வரைக்கும் இருக்க வேண்டிய அழுத்தம் 50, 60ன்னு போயிடும், கண்ணு கல்லு மாதிரி ஆகி, அந்த வலிக்குத்தான் வாந்தி. வயித்து வைத்தியம் பார்த்தே ரெண்டு நாளைக் கழிச்சு பார்வை நரம்பு செத்துப்போனவங்க உண்டு. சீக்கிரம் போனா மருந்துல இறக்கிட்டு லேசர்ல ஒரு சின்ன ஓட்டை போட்டு விடுவாங்க. இன்னொரு கண்ணுக்கும் அந்த லேசர் போட்டுக்கச் சொல்வாங்க, 'அது நல்லாத்தானே இருக்கு'ன்னு வேண்டாங்காதீங்க, அதுக்கும் வரக்கூடியதுதான். வலியே இல்லாம திடீர்னு ஒரு கண்ணு இருட்டிட்டாலோ, மின்னல் மின்னல்னு வெட்டி திரை இறங்குற மாதிரி தெரிஞ்சாலோ அதுவும் இதே அவசரம்தான்.

கேள்வி: நான் பஞ்சாயத்து வார்டு மெம்பர். எங்க ஊர்ல எல்லாருக்கும் விவசாயக் கூலி வேலைதான். ஊர் அளவுல ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: முடியும்மா, செஞ்சே காட்டியிருக்காங்க. நேபாளத்துல பக்தபூர்னு ஒரு மாவட்டம், நம்மள மாதிரியே நெல்லு விளையிற இடம். அங்க 1991ல இருந்து ரெண்டு வருஷம், 35 ஆயிரம் பேருக்குக் கிட்ட உள்ள ஜனங்களுக்காக, ஊர்லயே இருக்கிற தொண்டர்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. கண்ணுல அடிபட்டா யாரும் டவுனுக்கு ஓட வேண்டாம், அவங்ககிட்ட வந்தாப் போதும், கீறல் இருக்கான்னு சாயம் போட்டுப் பார்த்து குளோராம்பெனிக்கால் களிம்பு ஒரு நாளைக்கு மூணு வேளை, மூணு நாளைக்குப் போட்டு விட்டாங்க. கீறல் பட்ட 442 பேர்ல 96 சதவீதம் பேருக்கு புண்ணே வரல, 18 மணி நேரத்துக்குள்ள வந்தவங்கள்ல ஒருத்தருக்குக் கூட வரல. பின்னாடி மதுரைப் பக்கக் கிராமங்கள்லயும் இதே வழியப் பின்பற்றி ஆராய்ச்சி பண்ணி நல்ல பலன் பார்த்தாங்க. நான் இதைப் படிச்ச அன்னைக்குத் தூங்கல. அந்தக் களிம்பு ஒண்ணும் அதிசய மருந்தில்ல, மலிவானது, நாப்பது வருஷமா நம்ம கைலயே இருந்தது. அன்னைக்கே ஒரு ஆள் கண்ணைப் பார்த்தாங்க பாருங்க, அதுதான் பெருசு.

களிம்பை நீங்களா வாங்கி வீடு வீடாக் குடுக்கச் சொல்லல, உங்க வட்டார மருத்துவ அலுவலர்கிட்ட மனு குடுத்து, கிராம சுகாதார செவிலியருக்கும் ரெண்டு மூணு மகளிர் குழுப் பொண்ணுங்களுக்கும் சாயம் போட்டுப் பார்க்கப் பயிற்சி கேளுங்க. அறுப்புக்கு முன்னாடி கிராம சபைல இதைப் பேசுங்க. கதிரடிக்கிற மெஷின் வச்சிருக்கிறவங்ககிட்ட, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கி வைக்கச் சொல்லுங்க, ஹார்டுவேர் கடைல கிடைக்கும், விலையும் அதிகம் இல்ல. வேர்க்குது, மங்குதுன்னு கழட்டி வைப்பாங்க, அதுவும் உண்மைதான், வெயில்ல அதைப் போட்டுக்கிட்டு வேலை பார்க்கிற கஷ்டம் நமக்குத் தெரியாதா, ஆனா மெஷின் வாய்ப்பக்கம் நிக்கிற ஆளாவது போடட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு கரும்பு வெட்டும்போது தோகை கிழிச்சு ஒன்பது நாள் ஆச்சு. மெடிக்கல்ல சொட்டு வாங்கி விட்டோம். இப்போ கருவிழில வெள்ளையா பொட்டு விழுந்திருக்கு. ஊர்ல எல்லாரும் பூ விழுந்திருச்சு, இனிமே போயி என்னத்துக்குங்கிறாங்க. அப்பாவும் காசைக் கரைக்காதங்கிறாரு. இப்போ போனா பிரயோசனம் உண்டா அக்கா? (வாசகி, கடலூர் மாவட்டம்)

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் அச்சாகுற வரைக்கும் காத்திருக்க மனசு வரல, கீழ போன் நம்பர் இருந்துச்சு, படிச்ச உடனே கூப்பிட்டுட்டேன். வெள்ளைப் பொட்டு விழுந்தா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் இல்ல, அது ஆறின தழும்பா, இன்னும் எரிஞ்சுக்கிட்டிருக்கிற புண்ணான்னு மெஷின்ல பார்த்தாத்தான் தெரியும். ஒன்பது நாள்ல, வலியோட, சிவப்போட இருந்தா அது பெரும்பாலும் புண்ணுதான், புண்ணுக்கு வைத்தியம் இருக்கு. விட்ட சொட்டு மருந்துப் பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போகச் சொன்னேன், அதுல ஸ்டீராய்டு இருந்துச்சான்னு டாக்டருக்குத் தெரியணும்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பொண்ணே போன் பண்ணுச்சு. புண்ணுல இருந்து லேசா சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்புல பார்த்திருக்காங்க, பூஞ்சைதான். நாட்டமைசின் சொட்டு மருந்து ஆரம்பிச்சிருக்காங்க, இழைப் பூஞ்சைப் புண்ணுக்கு இப்போதைக்கு இதுதான் முதல் மருந்து, இந்தியாவுலயே நடந்த பெரிய ஆராய்ச்சில விலை ஜாஸ்தியான வொரிகோனசோல்ங்கிற இன்னொரு பூஞ்சை மருந்தை விட இது நல்லா வேலை செஞ்சதுன்னு 2013ல வெளியிட்டாங்க. ஆனா ஆறுறதுக்கு வாரக்கணக்குல ஆகும், முதல்ல மணிக்கு ஒரு தடவை விடணும். பொட்டு பாப்பாவுக்கு நேரா இல்லாம கொஞ்சம் ஓரமா இருக்காம், பார்வையை ஓரளவு காப்பாத்திடலாம்னு டாக்டர் சொன்னாராம். ராத்திரி தூங்கிட்டா என்ன பண்றதுன்னு கேட்டுச்சு, போன்ல மணிக்கொரு அலாரம் வைக்கச் சொன்னேன், 'வச்சிட்டேங்க்கா, பக்கத்து பெட்டுல இருக்கிற தாத்தாவுக்கும் சேர்த்து நான்தான் விடுறேன், அவருக்குக் கூட ஆள் இல்ல'ன்னு சொல்லிட்டு, மூணு மணி ஆயிருச்சுன்னு போனை வச்சிருச்சு.